மேகத்தோடு ஆரியங்காவு தாண்டி

தென்மேற்குப் பருவக்காற்று நன்றாகப் பிடித்துவிட்ட ஆனி, ஆடி மாதங்களில் கொல்லத்திலிருந்து செங்கோட்டைக்கு ரயிலில் வந்தால், மேகத்தின் முழு வாழ்க்கையையும் கூடவே இருந்து பார்த்துவிடலாம். அரபிக்கடல் ஓரத்தில் கிளம்பும் பாதை ரப்பர்த் தோட்டங்கள் வழியாகப் புனலூர் சேர்கிறது. அங்கிருந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறி, ஆரியங்காவுக் கணவாயைத் தாண்டி, தென்காசிச் சீமையில் இறங்குகிறது. மொத்தத் தூரம் 90 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அதற்குள் கடலின் ஈரம் மேகமாகிறது, மேகம் மழையாகிறது, மிச்சம் வெறும் காற்றில் கரைந்தும் போகிறது.

1904-ல் மீட்டர் கேஜ் பாதையாகத் திறக்கப்பட்ட வழி இது. மலைப்பகுதியை அகலப்பாதையாக மாற்றும் வேலைக்காக 2010-ல் ரயில் நின்றது. 2018-ல் மறுபடி ஓடத் தொடங்கியது. கொல்லத்தில் காலை நேரத்தைக் கடற்கரையில் கழித்துவிட்டு, மதிய வண்டியைப் பிடித்து, வெளிச்சம் இருக்கும்போதே செங்கோட்டையில் இறங்கிவிட வேண்டும் என்பது என் திட்டம். இந்தப் பயணத்தில் ஊர் பார்ப்பது இரண்டாம் பட்சம். வானம் பார்க்கத்தான் கிளம்பினேன்.

தங்கசேரி

கொல்லம் நகரை ஒட்டிய தங்கசேரியில் 1902-ல் கட்டிய கலங்கரை விளக்கம் நிற்கிறது. அதன் அடியில் பாறைகளை அடுக்கிய கரையில் நின்றால், மேற்கே தடுப்பதற்கு எதுவும் இல்லை. கடல் சாம்பல் நிறத்தில் புரண்டுகொண்டிருந்தது. காற்று ஓயாமல் முகத்தில் அறைந்தது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு நாக்கால் உதட்டைத் தொட்டால் கரித்தது. மேகத்தின் கதை அந்தக் கரிப்பில்தான் தொடங்குகிறது.

நீராவி குளிர்ந்தால் தண்ணீராகும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அது உண்மைதான் என்றாலும், படிந்துகொள்ள ஓர் இடம் இல்லாமல் ஆவி அவ்வளவு எளிதில் துளியாகாது. துகளே இல்லாத சுத்தமான காற்றில், சாதாரண நிறைவு அளவைப்போலப் பல மடங்கு ஈரம் சேர்ந்தால்தான் தானாகத் துளி பிறக்கும். இயற்கையில் அந்த நிலை வருவதே இல்லை, ஏனென்றால் காற்றில் எப்போதும் துகள் இருக்கிறது. அலை உடையும்போது நுரைக்குமிழிகள் வெடித்து, கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்த் துளிகளை மேலே எறிகின்றன. நீர் உலர்ந்தபின் உப்பு மட்டும் மிதக்கிறது. உப்புக்கு ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. மண் தூசி, அடுப்புப் புகை, வாகனப் புகை எல்லாமே இந்த வேலையைச் செய்யும் என்றாலும், கடலோர மேகத்துக்கு உப்புதான் முதல் விதை.

அன்றைய வானத்தில் மூன்று அடுக்கு தெரிந்தது. அடியில், பஞ்சுப்பொதி போன்ற மேகங்கள் கடலிலிருந்து கரையை நோக்கிக் கூட்டம் கூட்டமாக வந்தன. அவற்றின் இடைவெளியில், இன்னும் மேலே, வெளிறிய விரிப்பாக ஒரு படலம். அதற்கும் மேலே, நீலம் தெரிந்த ஒரு துண்டில், மெல்லிய வெள்ளைக் கீற்றுகள். கலங்கரை விளக்கத்தின் உச்சியை அடையாளமாக வைத்துக்கொண்டு சில நிமிடம் உற்றுப் பார்த்தால் ஓர் அதிசயம் பிடிபடும். அடி மேகம் கிழக்கே போகிறது, உச்சிக் கீற்றோ மேற்கே போகிறது. தென்மேற்குப் பருவக்காற்றின் மழை மேகம் நிலத்தை நோக்கி ஓடும்போது, சுமார் 14 கிலோமீட்டருக்கு மேலே எதிர்த்திசையில் ஒரு காற்றாறு மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மிகுந்த வேகத்தில் பாய்கிறது. வெப்பமண்டலக் கிழக்குத் தாரைக்காற்று என்று அதற்குப் பெயர். அதை 1958-ல் விரிவாக எழுதி உலகுக்குக் காட்டியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டேஸ்வரம். பின்னாளில் அவர் இந்திய வானிலைத் துறையின் தலைமைப் பொறுப்பையும் வகித்தார். பலூனும் கருவியும் கொண்டு அவர் நிறுவிய உண்மையின் சிறு சாட்சி, கொல்லம் கடற்கரையில் நிற்கும் எவர் கண்ணுக்கும் கிடைக்கிறது.

இந்த மூன்று அடுக்கையும் பெயர் சொல்லி அழைக்கும் வழக்கம் 200 ஆண்டுக்குச் சற்று மூத்தது. அதற்கு முன்பு மேகத்தை யாரும் வகைப்படுத்த முனையாததற்குக் காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. பார்த்துக்கொண்டிருக்கும்போதே உருமாறும் ஒன்றுக்கு என்ன பெயர் வைப்பது? லண்டனில் மருந்து தயாரிக்கும் தொழில் செய்துவந்த லூக் ஹோவர்டு என்ற 30 வயது இளைஞர், 1802 டிசம்பரில் நண்பர்களின் அறிவியல் சங்கத்தில் ஓர் உரை நிகழ்த்தினார். மேகம் எத்தனை உருவம் காட்டினாலும் அடிப்படை அமைப்பு சிலவே என்றார். இழையாக நீள்வது சிர்ரஸ், குவியலாகத் திரள்வது குமுலஸ், விரிப்பாகப் படர்வது ஸ்ட்ரேட்டஸ், மழை பொழிவது நிம்பஸ். ஒன்று மற்றொன்றாக மாறும் என்பதால் கூட்டுப்பெயர்களுக்கும் இடம் வைத்தார். அதே 1802-ல் பிரான்சில் லாமார்க்கும் ஒரு வகைப்பாட்டை வெளியிட்டிருந்தார். நிலைத்தது ஹோவர்டுடையதுதான். மாற்றத்தையே விதியாக ஏற்றுக்கொண்டு பெயரிட்டதால் அது நிலைத்தது என்று நினைக்கிறேன்.

ஐரோப்பிய வானத்தைப் பார்த்து வைத்த பெயர் இந்தியப் பெருங்கடலுக்கும் பொருந்துமா என்ற கேள்வி பின்னால் எழுந்தது. ரால்ஃப் ஆபர்க்ராம்பி என்ற பிரிட்டிஷ் வானிலை ஆர்வலர் 1880-களில் உலகத்தைச் சுற்றிவந்து, மேகத்தின் வடிவங்கள் எங்கும் ஒன்றே என்று கண்டு சொன்னார். சுவீடனின் ஹில்டெபிராண்ட்சன் அவரோடு சேர்ந்து உழைக்க, 1896-ல் முதல் சர்வதேச மேகப் படத்தொகுப்பு வெளிவந்தது. இன்று உலக வானிலை அமைப்பு பத்து வகைகளை ஏற்கிறது. நம் பாடநூல்கள் அவற்றுக்கு அழகான தமிழ்ப் பெயர் தந்திருக்கின்றன. உயரத்தில் கீற்று, கீற்றுத் திரள், கீற்றுப் படை. நடுவில் இடைப்பட்ட திரள், இடைப்பட்ட படை, கார்படை. தாழ்வில் படைத்திரள், படை, திரள். தாழ்வில் அடிவைத்து உச்சி வரை ஓங்கி நிற்பது கார்திரள், இடி மின்னலின் மேகம். தங்கசேரியில் நான் கண்ட அடி மேகம் திரள், நடு விரிப்பு இடைப்பட்ட படை, உச்சிக் கோடு கீற்று. கீற்று முழுவதும் பனித்துகள். அடியில் வந்த திரள் முழுவதும் தண்ணீர்த் துளி.

புனலூர்

வண்டி கொல்லத்தை விட்டுக் கிழக்கே திரும்பியதும் நிலம் மெல்ல மேடேறத் தொடங்குகிறது. குண்டறை, கொட்டாரக்கரை, பிறகு புனலூர். கல்லடை ஆற்றின் மேல் ஆல்பர்ட் ஹென்றி என்ற பொறியாளர் 1877-ல் கட்டி முடித்த தொங்குபாலத்தால் அறியப்பட்ட ஊர். கோடையில் கேரளத்தின் கடும் வெப்பம் பதிவாகும் ஊர்களில் இதுவும் ஒன்று. நான் போன அன்று வெக்கை இல்லை, புழுக்கம் இருந்தது. பெட்டிக்குள் எல்லோர் சட்டையும் முதுகோடு ஒட்டியிருந்தது. அந்தப் புழுக்கத்தில் மேகத்தின் கச்சாப்பொருள் நம்மைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாமல் நிறைந்திருக்கிறது.

மலை ஏற்றத்துக்காக வண்டியின் பின்னால் இன்னொரு எஞ்சின் சேர்ந்தது. ரயிலைப்போலவே கடற்காற்றும் இங்கிருந்துதான் ஏறத் தொடங்குகிறது. குறுக்கே மலை நிற்பதால் அதற்கு வேறு வழியில்லை. ஏறும் காற்று ஏன் குளிர்கிறது என்பதில்தான் மேகத்தின் சூட்சுமமே இருக்கிறது. மேலே போகப் போகச் சுற்றியுள்ள அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் காற்று விரிகிறது. விரிவதற்குச் செலவாகும் ஆற்றலைத் தன் சூட்டிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. சைக்கிள் ட்யூபின் வால்வைத் திறந்துவிட்டால் சீறி வரும் காற்று விரலில் சில்லென்று படுமே, அதேதான். மேகம் சேராத காற்று ஒரு கிலோமீட்டர் ஏறினால் சுமார் 10 டிகிரி செல்சியஸ் குளிர்ந்துவிடும். குளிர்ந்த காற்றால் பழைய அளவு ஆவியை வைத்துக்கொள்ள முடியாது. ஒரு டிகிரி குறைந்தால் அதன் கொள்ளளவு சுமார் 7 சதவீதம் குறைகிறது. எந்த வெப்பநிலையில் கொள்ளளவும் உள்ளே இருக்கும் ஆவியும் சமமாகின்றனவோ அதுவே பனிவிழு நிலை. அதைத் தொட்ட உயரத்தில், உப்புத்துகள் ஒவ்வொன்றின் மேலும் தண்ணீர் படியத் தொடங்கும்.

இதைக் கணக்குப் போட ஓர் எளிய வழி உண்டு. தரையில் காற்றின் வெப்பத்துக்கும் பனிவிழு நிலைக்கும் எத்தனை டிகிரி வித்தியாசமோ, ஒவ்வொன்றுக்கும் சுமார் 125 மீட்டர் வைத்துக்கொண்டால் மேகத்தின் அடிமட்டம் எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்று சொல்லிவிடலாம். வெப்பம் 28 டிகிரி, பனிவிழு நிலை 25 என்றால் வித்தியாசம் 3. ஆக மேகத்தின் அடி சுமார் 375 மீட்டர். புனலூருக்குக் கிழக்கே எழும்பும் மலைகளின் இடுப்புக்குக்கூட அது வராது. ஜன்னல் வழியே பார்த்தேன். மலைகளெல்லாம் ஒரே உயரத்தில் வெட்டப்பட்டதுபோல இருந்தன. அதற்குக் கீழே பச்சை, அதற்கு மேலே வெள்ளை. திரள் மேகத்தின் அடி தட்டையாக இருப்பதன் காரணம் இதுவே. காற்று எங்கே நிறைவு நிலையை எட்டுகிறதோ அந்த மட்டத்தில் கோடு கிழித்ததுபோல மேகம் தொடங்குகிறது.

துளி உருவாகும்போது ஆவி தான் ஒளித்துவைத்த வெப்பத்தை வெளியே விடுகிறது. ஒரு கிலோ தண்ணீருக்கு சுமார் 25 லட்சம் ஜூல். இந்தச் சூட்டால் மேகத்துக்குள் இருக்கும் காற்று மெதுவாகத்தான் குளிர்கிறது. ஈரம் மிகுந்த நம் பகுதியில் கிலோமீட்டருக்கு 4, 5 டிகிரி. சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாக இருப்பதால் அது இன்னும் மேலே எழும்புகிறது. மேகம் தன்னைத் தானே வளர்த்துக்கொள்வது இப்படித்தான்.

கழுத்துருட்டி

தென்மலையைத் தாண்டியபின் பாதை வளைந்து வளைந்து காட்டுக்குள் போகிறது. கழுத்துருட்டியில் 13 வளைவுகள் கொண்ட கருங்கல் பாலம் வருகிறது. கல்லால் எழுப்பிய இந்தப் பாலத்தைப் பார்ப்பதற்காகவே இந்தப் பாதையில் வருபவர்கள் உண்டு. வண்டி அதன் மேல் ஊர்ந்தபோது பாதிப் பாலம்தான் தெரிந்தது. மீதி வெள்ளையாக இருந்தது.

மேகத்துக்குள் நுழைந்திருந்தோம். மழை பெய்து காற்று மேலும் ஈரமாகும்போது, பெரிய மேகத்தின் கீழே கந்தல் கந்தலாகச் சிறு மேகங்கள் பள்ளத்தாக்கிலேயே பிறக்கும். அப்படி ஒன்று ஜன்னல் கம்பிகளுக்கு இடையே பெட்டிக்குள் வந்து எதிர் இருக்கைவரை போனது. கையை நீட்டினேன். மழைபோல ஒன்றும் விழவில்லை. முழங்கை மயிர்களின் நுனியில் மட்டும், ஊசிமுனை அளவில், வரிசையாகத் துளிகள் பூத்தன. ஜன்னல் கம்பியின் அடிப்பக்கத்தில் அதே துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து கனத்து, ஒரு கட்டத்தில் சொட்டின.

அந்தக் கம்பியில் நடந்ததுதான் மழைக்கும் நடக்கிறது. மேகத்துளி ஒன்றின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. அது தானாக விழும் வேகம் நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுதான். கீழிருந்து வரும் லேசான காற்றே அதைத் தாங்கிவிடும். ஒரு கிலோமீட்டர் நீளம், அகலம், உயரம் கொண்ட சாதாரணத் திரள் மேகத்தில், கன மீட்டருக்கு அரை கிராம் என்று வைத்துக்கொண்டால், 500 டன் தண்ணீர் இருக்கும். அது விழாமல் மிதப்பதற்குக் காரணம் இப்படிப் பொடிப்பொடியாக இருப்பதே. மழைத்துளி ஆக வேண்டுமானால் சுமார் பத்து லட்சம் மேகத்துளிகள் ஒன்றுசேர வேண்டும். குளிர்நாடுகளில் பெரும்பாலும் பனித்துகள் வழியாக அது நடக்கிறது. நம் வானத்தில் உறைநிலைக்குப் போக 5 கிலோமீட்டருக்கு மேல் ஏற வேண்டும். இந்த மலைச்சரிவின் பருவமழை மேகங்கள் பல அந்த உயரத்தை எட்டுவதே இல்லை. கடலுப்பின் மேல் வளர்ந்த கொஞ்சம் பெரிய துளிகள் வேகமாக விழுந்து, வழியில் சிறியவற்றைச் சேர்த்துக்கொண்டு கனத்துவிடுகின்றன. பனி கலக்காத, முழுக்க வெதுவெதுப்பான மழை. இந்த மலைத்தொடரின் மேகத்தை நேரில் அளப்பதற்காகவே, புணேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் 2012-ல் மகாபலேஷ்வர் மலைமேல் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தது.

மேகத்துக்குள் நின்றவர்களுக்கு அறிவியலில் பெரிய இடம் உண்டு. 1894 செப்டம்பரில் ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் மலைமேல் இருந்த வானிலை நிலையத்தில் சி. டி. ஆர். வில்சன் என்ற இளம் இயற்பியலாளர் சில வாரம் தங்கினார். மேகத்தின் மேல் சூரியஒளி வரைந்த வண்ண வளையங்களில் மனதைப் பறிகொடுத்தவர், அதைக் கண்ணாடிக் கலத்துக்குள் செய்துபார்க்க முயன்றார். அந்த முயற்சியிலிருந்து முகில் கலம் பிறந்தது. அணுவைவிடச் சிறிய துகள்கள் போகும் தடத்தை மனிதக் கண்ணுக்கு முதலில் காட்டிய கருவி அது. அவருக்கு 1927-ல் நோபல் பரிசு கிடைத்தது. மேகத்தை அதன் அழகுக்காக உற்றுப் பார்த்த ஒருவரால் இயற்பியலே ஒரு படி ஏறியது.

ஆரியங்காவில் வண்டி நின்றபோது மழை வலுத்திருந்தது. என் எதிரே கடையநல்லூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கொல்லத்தில் கட்டிக்கொடுத்த மகளைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர். நான் ஜன்னல் ஷட்டரை இறக்காமல் நனைவதைப் பார்த்துவிட்டு, “கொஞ்ச நேரந்தான் தம்பி. குகையத் தாண்டிட்டா குடைய மடக்கி வச்சிரலாம்” என்றார்.

“அங்கிட்டு மழையே இருக்காதா அண்ணாச்சி?”

“மழை மலையோட நின்னுரும். நமக்குச் சாரலும் காத்தும்தான். மோடம் போட்டுக்கிட்டுதான் வரும், வந்து சேரதுக்குள்ள காத்து குடிச்சிரும். ஆனா மலையில மோடம் கெடந்தாத்தான் அருவியில தண்ணி வரும், அருவியில வந்தாத்தான் குளம் பெருகும். எங்க பெஞ்சா என்ன, வந்து சேர்ந்துரும்லா.”

செங்கோட்டை

ஆரியங்காவுக்கும் பகவதிபுரத்துக்கும் நடுவே மலையைக் குடைந்த நீண்ட சுரங்கம் இருக்கிறது. நுழையும்போது பெட்டியின் கூரையில் மழைச் சத்தம். உள்ளே சக்கரங்களின் சத்தம் மட்டும். வெளியே வந்ததும் வெளிச்சம் மாறியிருந்தது. மழை தூறலாக மெலிந்து, செங்கோட்டையை நெருங்கும்போது அதுவும் நின்றது. தென்னைகள் எல்லாம் கிழக்கே சாய்ந்து ஆடின. அந்தக் காற்று மேற்கே உணர்ந்த காற்றைப்போல ஈரமாக இல்லை. உடம்பில் ஒட்டியிருந்த சட்டை சீக்கிரமே உலர்ந்துவிட்டது.

நிலையத்தை விட்டு வெளியே வந்து, வயல்கள் தொடங்கும் இடத்தில் ஒரு மதகின் மேல் உட்கார்ந்து மலையைத் திரும்பிப் பார்த்தேன். முகடு நெடுக வெள்ளைச் சுவர் எழுப்பினதுபோல மேகம் நின்றது. காற்று மேற்கிலிருந்து வேகமாக வீசிக்கொண்டிருந்தும், அந்தச் சுவர் அதே இடத்தில் இருந்தது. அதன் கிழக்கு ஓரத்தில் ஒரு துண்டை மட்டும் குறிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கைக்குட்டை அளவு தெரிந்த துண்டு பெரிய மேகத்திலிருந்து பிரிந்து சரிவில் இறங்கியது. முதலில் அதன் விளிம்பு இழை இழையாகப் பிரிந்தது. பிறகு நடுவே நீலம் தெரிந்தது. காட்டின் மேல் விழுந்திருந்த அதன் நிழலும் வெளிறியது. ஒரு பாறைமுகத்தைத் தாண்டுவதற்குள் முழுவதும் மறைந்துவிட்டது. அடுத்த துண்டும் அதே பாறைக்கு அருகிலேயே மறைந்தது. அதற்கடுத்ததும் அப்படியே.

ஏறும்போது குளிர்ந்த காற்று இறங்கும்போது நெருக்கப்பட்டுச் சூடாகிறது. சூடான காற்றுக்கு ஆவிப்பசி கூடும். துளிகள் ஒவ்வொன்றும் மறுபடி ஆவியாகி, கண்ணுக்குத் தெரியாமல் அந்தக் காற்றிலேயே இருக்கின்றன. கணக்கும் எளிது. கடலோரத்தில் 28 டிகிரியில் கிளம்பிய காற்று முதல் 400 மீட்டரில் 4 டிகிரி இழக்கும். பின்பு மேகமாகி, முகடு 1,500 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் மேலும் 5 டிகிரி இழந்து, 19 டிகிரியில் முகட்டைத் தாண்டும். மேகமாகிய நீரில் பெரும்பகுதியை மேற்குச் சரிவிலேயே மழையாகக் கொட்டிவிட்டதால், இறங்கும்போது நெடுக கிலோமீட்டருக்கு 10 டிகிரி வீதம் சூடேறும். கடல்மட்டத்தைவிடச் சற்று உயர்ந்து கிடக்கும் இந்தச் சமவெளிக்கு வந்து சேரும்போது ஏறத்தாழ 32 டிகிரி. கிளம்பிய இடத்தைவிட 4 டிகிரி அதிகம், ஈரமும் குறைவு. காற்று குடித்துவிடும் என்று பெரியவர் சொன்னதற்கு மேல் இந்தக் கணக்கு ஒன்றும் புதிதாகச் சொல்லிவிடவில்லை.

அந்த மதகில் உட்கார்ந்திருந்தபோது எனக்குப் பட்டது இது. முகட்டில் அசையாமல் கிடக்கும் அந்த மேகத்தை ஒரு பொருள் என்று சொல்ல முடியாது. மேற்கு விளிம்பில் நொடிதோறும் புதுத்துளி பிறக்கிறது, கிழக்கு விளிம்பில் நொடிதோறும் துளி மறைகிறது. காற்று அதன் வழியாகக் கடந்துபோகிறது. சற்று முன் பார்த்த மேகத்தில் இருந்த ஒரு துளிகூட இப்போது அதில் இல்லை. மலையும் காற்றும் சேர்ந்து இடைவிடாமல் செய்துகொண்டிருக்கும் ஒரு வேலையின் பெயர்தான் மேகம். இதைப் புரிந்துகொண்ட பின் ‘மேகம் கலைந்துவிட்டது’ என்று சொல்வதில் இழப்பு எதுவும் தெரியவில்லை. அந்த நீர் எங்கும் போய்விடவில்லை. ஒரு பகுதி நிலத்துக்கு இறங்கியது, மற்றது காற்றோடு நம் தலைக்கு மேல் போகிறது.

குற்றாலம்

மாலையில் குற்றாலம் போனபோது சாரல் பிடித்திருந்தது. வெயிலும் அடிக்கிறது, முகத்தில் நீர்ப்பொடியும் படுகிறது. முகட்டின் அந்தப் பக்கம் உருவான துளிகளில், இறங்கும் வழியில் முழுவதும் ஆவியாவதற்கு நேரம் கிடைக்காதவற்றைப் பலத்த காற்று இங்கே கொண்டுவந்து சேர்க்கிறது. இங்கிருந்து கிழக்கே போகப் போகச் சாரல் குறைந்து நின்றுவிடும். மேகச் சுவருக்கு அருகில் இருப்பதால் குற்றாலம் போன்ற மலையடி ஊர்களுக்கு வாய்த்த பேறு இது.

பேரருவியில் கூட்டம் நெருக்கியது. ஐந்தருவியிலும் பழைய குற்றாலத்திலும் அப்படியே என்றார்கள். நான் குளிக்கும் கூட்டத்திலிருந்து கொஞ்சம் விலகி, சிற்றாறு பாறைகளுக்கு நடுவே ஓடும் இடத்துக்கு வந்தேன். மேலே முகட்டுக் காட்டில் மரங்களின் கிளைகளெல்லாம் பாசி போர்த்தியிருக்கும். மேகம் அவற்றின் ஊடே போகும்போது ஒவ்வோர் இலையும் ஒவ்வொரு பாசி இழையும் துளிகளைப் பிடித்துக்கொள்கின்றன. ரயில் ஜன்னல் கம்பியில் நடந்ததைப்போலவே அவை சேர்ந்து சொட்டுகின்றன. மழை பெய்யாத நாளிலும் இப்படி நீர் தரையில் இறங்கிக்கொண்டிருக்கும். மழைமானிகள் பெரும்பாலும் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. காட்டு மண் அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெதுவாக விடுகிறது.

திருநெல்வேலிச் சாலை

மறுநாள் தென்காசியிலிருந்து பாவூர்சத்திரம், ஆலங்குளம் வழியாகத் திருநெல்வேலிக்குப் பேருந்தில் போனேன். கணவாய் வழியே புகுந்து வரும் காற்றில் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. வானம் நீலம். நண்பகலில் சூடான தரையிலிருந்து எழும்பிய காற்று சிறு சிறு திரள் மேகங்களைக் கட்டியது. அவற்றின் அடி மிக உயரத்தில் இருந்தது. இங்கே வெப்பம் 34, பனிவிழு நிலை 22 என்று வைத்தால், அதே 125 மீட்டர் கணக்கின்படி அடிமட்டம் 1,500 மீட்டர். புனலூரில் பார்த்ததைப்போல நான்கு மடங்கு.

இந்தக் குட்டி மேகங்கள் வேறு விதமாக முடிகின்றன. பக்கத்திலிருக்கும் உலர்ந்த காற்று விளிம்பு வழியே உள்ளே கலந்து துளிகளை ஆவியாக்கிவிடுகிறது. பல மேகங்கள் சில நிமிடங்களிலேயே, மழை தராமல், இப்படித் தீர்ந்துபோயின. தப்பிப் பிழைத்தவற்றுக்கு மாலை வரைதான் ஆயுள். வெயில் தாழ்ந்து தரை குளிர்ந்ததும் கீழிருந்து ஊட்டம் நின்றது. குவியல்கள் தட்டையாகச் சரிந்து, படைத்திரளாகப் பரவி, பிறகு இல்லாமல் போயின. மேகம் முடிவதற்கு ஆக நான்கு வழி இருக்கிறது. மழையாகக் கொட்டித் தீர்வது, காற்றோடு கீழிறங்கிச் சூடாகிக் கரைவது, உலர்ந்த காற்று கலந்து ஆவியாவது, அடியிலிருந்து வரும் ஊட்டம் நின்று அடங்குவது. இந்த நான்கையும் ஒரே வழியில் பார்க்கக் கிடைத்தது இந்தப் பயணத்தின் பெரிய லாபம்.

இந்தச் சமவெளி மழைக்காகக் காத்திருப்பது ஐப்பசி, கார்த்திகைக்கு. வடகிழக்குப் பருவக்காற்று வங்கக்கடல் பக்கமிருந்து வரும்போதுதான் இங்கே நேரடி மழை. ஆனாலும் கோடை முடிந்த மாதங்களில் கார் சாகுபடிக்குத் தண்ணீர் கொடுப்பது முகட்டில் கிடக்கும் தென்மேற்கு மேகமே. சிற்றாறு குற்றாலத்தில் இறங்கி, குளங்களை நிரப்பிக்கொண்டே போய், சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. தாமிரபரணி பொதிகையின் மேகக் காடுகளில் பிறந்து, இரண்டு பருவமழையையும் வாங்கிக்கொண்டு, புன்னைக்காயலில் கடல் சேர்கிறது. அதன் மலைப்பகுதியைக் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் சூழ்ந்திருக்கிறது. புலிக்காகக் காக்கப்படும் அந்தக் காடு, மேகத்தைப் பிடித்து ஆறாக்கும் வேலையையும் சேர்த்தே செய்கிறது.

தரையின் வெப்பம் கூடி, ஈரம் அதே விகிதத்தில் கூடாவிட்டால், அந்த 125 மீட்டர் கணக்கின்படியே மேகத்தின் அடி மேலே ஏறும். முகட்டு மரங்களின் தலைக்கு மேலே மேகம் போய்விட்டால் பாசி காயும், சொட்டும் நிற்கும். காட்டை அழித்தாலோ, மேகம் தவழ்ந்து போனாலும் பிடித்துக்கொள்ள இலை இருக்காது. அணையின் நீர்மட்டம் இத்தனை அடி என்று நாளிதழில் தினமும் பார்க்கிறோம். அந்த மட்டத்தைத் தீர்மானிக்கும் முகட்டுக் காட்டின் நிலையையும் அதே அக்கறையோடு நாம் கேட்க வேண்டும்.

தென்காசி, திருநெல்வேலி மாவட்டப் பள்ளிகள் தங்கள் பிள்ளைகளை ஆனி மாதத்தில் ஒருநாள் கொல்லத்துக்குக் கூட்டிப்போய், இந்த வண்டியில் திருப்பி அழைத்துவரலாம். பாடநூலில் பத்துப் பெயர்களாக இருக்கும் மேகம் கடற்கரையில் உருவமாகத் தெரியும், கழுத்துருட்டியில் கையில் படும், செங்கோட்டையில் கண்ணெதிரே கரையும். வீட்டுக் குழாயில் வரும் தண்ணீர் எந்த மலையில், எந்த மரத்தில் தங்கி வந்தது என்று தெரிந்த பிள்ளைகள், அந்த மரத்துக்காகப் பேசவும் முன்வருவார்கள்.